லென்ஸை மாற்றும் முன் கெட்டுப்போன படங்களைத் திறந்து பாருங்கள்

வெளிச்சம் குறைந்த அரங்கத்தில் ஒரு நிகழ்ச்சியைப் படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்க்கும்போது மனம் எப்படிச் சோர்ந்துபோகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேமராவின் சின்னத் திரையில் பளிச்சென்று தெரிந்த படமெல்லாம் பெரிய திரையில் கலங்கலாக, புள்ளி புள்ளியாக, முகம் ஓரிடம் ஃபோகஸ் ஓரிடம் என்று கிடக்கும். உடனே தோன்றுவது ஒன்றுதான்: கேமராவோடு வந்த கிட் லென்ஸை வைத்துக்கொண்டு இதற்கு மேல் முடியாது, அதிக ஒளியை உள்ளே விடும் எஃப் 2.8 லென்ஸ் வாங்கியே ஆக வேண்டும். நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். அடுத்த நிகழ்ச்சி முழுவதையும் அபர்ச்சரை (ஒளி நுழையும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) 1.8-இலேயே வைத்து எடுத்தேன். பார்த்தால் முன்பைவிட அதிகப் படங்கள் வீணாகியிருந்தன. மூக்கு நுனி தெளிவாக இருக்கும், கண் மங்கியிருக்கும். இருவர் சேர்ந்து நின்ற படங்களில் ஒருவர் மட்டும்தான் தெளிவு. லென்ஸ் நல்ல லென்ஸ்தான், இன்றும் அதை வைத்திருக்கிறேன். எந்தக் குறையைத் தீர்க்க அதை வாங்கினேன் என்பதுதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

லென்ஸ் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இப்போது கையில் இருக்கும் லென்ஸோடு ஐந்தாறு நிகழ்ச்சிகளுக்குப் போய் கீழே சொல்வதையெல்லாம் செய்து பாருங்கள், அப்புறம் வாங்குங்கள். அப்போது எந்த லென்ஸ் வேண்டும் என்பதை உங்கள் படங்களே சொல்லிவிடும்.

அந்த லென்ஸ் எவ்வளவு தரும்?

முதலில் கணக்கு. பெரும்பாலான கிட் லென்ஸ்கள் 18-55 மி.மீ., எஃப் 3.5-5.6 வகை. 55-க்கு ஸூம் செய்தால் அபர்ச்சர் 5.6-க்கு மேல் திறக்காது. அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் இருந்தால் நான்கு மடங்கு ஒளி உள்ளே வரும், அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது). ஐஎஸ்ஓ (படத்தை எவ்வளவு வெளிச்சமாக்குவது என்ற அமைப்பு) 6400-இல் எடுத்ததை 1600-இல் எடுக்கலாம், அல்லது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/60 நொடியிலிருந்து 1/250 நொடியாகக் குறைக்கலாம். எஃப் 1.8 என்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு. இது சின்ன விஷயம் இல்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே கிட் லென்ஸை 18 மி.மீ. பக்கம் கொண்டுவந்தால் அது 3.5 வரை திறக்கும். அங்கே 2.8-க்கும் அதற்கும் ஒரு முழு ஸ்டாப்கூட வித்தியாசம் இல்லை. தூரத்தில் நின்று முழுக்க ஸூம் செய்வதை விட்டுவிட்டு நான்கு அடி முன்னால் போய் ஸூமைக் குறைத்து எடுத்தாலே, செலவில்லாமல் ஒரு ஸ்டாப்புக்குமேல் கிடைத்துவிடுகிறது. இதை நான் கண்டுபிடிக்க வெகு நாள் ஆனது. ஸூம் வளையத்தைத் திருப்பத் திருப்ப லென்ஸ் தானாக இருட்டாகிக்கொண்டே போகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேமரா காட்டும் எண்ணைக் கவனிக்கவில்லை.

நூறு படங்களைப் பிரித்து அடுக்குங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வேலை. ஒரு மாலை ஒதுக்குங்கள். கடைசியாக எடுத்த நிகழ்ச்சியில் இருந்து, பிடிக்காமல் ஒதுக்கிய படங்களாகவே நூறு எடுங்கள். ஒவ்வொன்றையும் 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். “ப்ளர் ஆகிவிட்டது” என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று வேறு வேறு கோளாறுகள், மூன்றுக்கும் மருந்து வேறு.

படத்தில் சுவர், மைக் ஸ்டாண்ட், நாற்காலி என்று அசையாத பொருட்களும் சேர்ந்து ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை. மைக் ஸ்டாண்ட் ஊசி மாதிரி இருக்கிறது, பாடுபவரின் கையும் தலையும் மட்டும் கரைந்திருக்கிறது என்றால் அசைந்தது அவர், ஷட்டர் ஸ்பீட் போதவில்லை. எதுவும் இழுபடவில்லை, ஆனால் முகம் மென்மையாக இருக்கிறது, பின்னால் இருக்கும் திரைச்சீலை மடிப்போ முன்னால் இருப்பவரின் தோளோ அட்டகாசமாகத் தெளிந்திருக்கிறது என்றால் ஃபோகஸ் தவறிவிட்டது. புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸ் என்பது இந்த மூன்றிலும் சேராத தனிக் கதை, அதை அப்புறம் பார்ப்போம்.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஃபோல்டர் போட்டுப் பிரித்தால் உங்கள் நோய் எது என்று தெரிந்துவிடும். நான் இதைச் செய்தபோது பாதிக்கும் மேற்பட்டவை ஃபோகஸ் ஃபோல்டரில் போய் விழுந்தன. ஃபோகஸ் தவறும் பழக்கம் உள்ளவர் அகலமாகத் திறக்கும் லென்ஸ் வாங்கினால் தவறு கூடத்தான் செய்யும். க்ராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 55 மி.மீ., எஃப் 5.6, ஆள் இரண்டு மீட்டரில் என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 28 செ.மீ. அதே தூரத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் அது 11 செ.மீ.தான். எதிரில் இருப்பவர் ஒரு மூச்சு முன்னால் சாய்ந்தாலே கண் அந்த ஆழத்தை விட்டு வெளியே போய்விடும். முதல் பத்தியில் சொன்ன என் மூக்கு நுனிப் படங்களுக்கு இதுதான் காரணம்.

ஷட்டர் ஸ்பீட் விரல் நுனியில் இருக்கட்டும்

பழைய விதி ஒன்று உண்டு: ஷட்டர் ஸ்பீட் லென்ஸின் மி.மீ. எண்ணைவிட மெதுவாகப் போகக் கூடாது. 50 மி.மீ. என்றால் 1/50. க்ராப் சென்சாரில் அதை ஒன்றரை மடங்காக வைத்து 1/80 என்று கொள்ளலாம். ஆனால் இந்த விதி உங்கள் கை நடுக்கத்துக்கு மட்டும்தான். லென்ஸிலோ கேமராவிலோ இருக்கும் ஸ்டெபிலைசேஷனும் அப்படித்தான், கை நடுக்கத்தை நிறுத்தும், எதிரில் ஆடுபவரை நிறுத்தாது. ஸ்டெபிலைசேஷனை நம்பி 1/15-இல் நடனம் எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் அனுபவத்தில் நின்ற இடத்தில் அமைதியாகப் பேசுபவருக்கு 1/60 போதும், கை வீசிப் பேசுபவருக்கும் பாடகருக்கும் 1/125, நடனத்துக்கு 1/250-இல் தொடங்கி வேகத்தைப் பொறுத்து 1/500 வரை. இதைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட வீட்டில் ஒரே ஒரு விளக்கைப் போட்டு, யாரையாவது அதன் அருகே உட்காரவைத்துக் கையை ஆட்டிப் பேசச் சொல்லி 1/30, 1/60, 1/125, 1/250, 1/500 என்று வரிசையாக எடுத்துப் பாருங்கள். எந்த வேகத்தில் விரல் கரைகிறது, எந்த வேகத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு அது மறக்காது.

அப்புறம் நேரம். ஒளி இல்லாத இடத்தில் நேரம் தெரிந்தவருக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாகவே கிடைக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை. குதிக்கும் ஒருவர் உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நிற்கிறார், மேலேயும் போவதில்லை கீழேயும் வருவதில்லை. அந்தக் கணத்தில் 1/125-கூட அவரை நிறுத்திவிடும். பாடுபவர் ஒரு வரியை முடித்து மூச்சை இழுக்கும் முன், பேசுபவர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கும்போது, நடனத்தில் தாளம் முடிந்து கை நிலைகொள்ளும்போது எல்லாமே இப்படிப்பட்ட நிறுத்தங்கள்தான். முதல் பத்து நிமிடம் படமே எடுக்காமல் பாருங்கள். மனிதர்கள் தங்கள் அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், இரண்டாவது முறை வரும்போது நீங்கள் தயாராக இருப்பீர்கள். மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து எடுப்பதும் உதவும், விரல் அழுத்தும் அதிர்ச்சி முதல் படத்தோடு போய்விடுவதால் நடுவில் இருப்பது பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

கேமராவைப் பிடிப்பது பற்றிச் சுருக்கமாக: இடது கை லென்ஸுக்கு அடியில், முழங்கைகள் விலாவோடு ஒட்டி, வியூஃபைண்டர் இருந்தால் கண்ணோடு அணைத்து. தூண் கிடைத்தால் சாய்ந்துகொள்ளுங்கள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அழுத்துங்கள்.

ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டில் எடுக்காதீர்கள்

நாய்ஸ் வருகிறது என்று ஐஎஸ்ஓவை 800-இல் பூட்டிவைத்துவிட்டு, இருட்டாக விழுந்த படத்தைக் கணினியில் வெளிச்சமாக்குவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. நாய்ஸுக்கு முக்கியக் காரணம் சென்சாருக்கு வந்துசேர்ந்த ஒளி குறைவாக இருப்பதுதான், ஐஎஸ்ஓ எண்ணைக் குறைத்தால் ஒளி கூடிவிடப்போவதில்லை. பல கேமராக்களில், இருட்டாக எடுத்துப் பின்னால் இரண்டு ஸ்டாப் தூக்கிய படம், நேரடியாக 3200-இல் சரியான எக்ஸ்போஷரில் (வெளிச்ச அளவில்) எடுத்த படத்தைவிட மோசமாகவே இருக்கும். ஜேபெக்கில் எடுத்திருந்தால் இன்னும் மோசம்.

உங்கள் கேமராவின் எல்லையை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஒரே காட்சியை 800, 1600, 3200, 6400, 12800 என்று எடுத்து, கடைசியில் அந்தப் படத்தை மற்றவர்கள் எந்த அளவில் பார்ப்பார்களோ அந்த அளவில் வைத்துப் பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் ஏறக்குறைய 6000 பிக்சல் அகலம். அதை 2000 பிக்சலுக்குக் குறைக்கும்போது ஒன்பது பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது, நாய்ஸ் வெகுவாக அடங்கிவிடும். நாய்ஸ் உள்ள நல்ல கணத்தை எல்லோரும் ரசிப்பார்கள், நாய்ஸே இல்லாமல் கரைந்துபோன முகத்தை யாரும் ரசிக்க மாட்டார்கள்.

நான் பழகிய அமைப்பு இது. மேனுவல் மோடில் அபர்ச்சரையும் ஷட்டரையும் நானே வைத்துவிட்டு, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு அதற்கு ஒரு உச்சவரம்பு போடுவது. ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ஃபைல்) எடுப்பது. மேடை ஒளி மாறாமல் நிற்கும் நிகழ்ச்சி என்றால் ஐஎஸ்ஓவையும் நானே பூட்டிவிடுவேன், ஏனென்றால் மேடைக்குப் பின்னால் கறுப்புத் திரை இருந்தால் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாந்துபோகும். அது மொத்தச் சட்டகத்தையும் நடுத்தர வெளுப்புக்குக் கொண்டுவரப் பார்க்கும், அதற்குள் ஸ்பாட் லைட்டில் நிற்பவர் முகம் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஆட்டோவில் இருந்தால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா முடிவு செய்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -1 பக்கம் கொண்டுபோங்கள், அல்லது ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை முகத்தில் வையுங்கள். இருட்டான அரங்கத்தில் கேமரா திரை எப்போதும் இருப்பதைவிட வெளிச்சமாகத் தோன்றும், எனவே திரையின் பிரகாசத்தைக் குறைத்துவிட்டு, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். நீலம், சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் அடிக்கும் மேடையில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம்தான் உதவும், மொத்த வெளிச்சம் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் எல்லையைத் தாண்டி முகத்தின் விவரமெல்லாம் அழிந்திருக்கும்.

படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் பயப்பட வேண்டாம், விளக்கின் துடிப்புதான் அது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், 60 ஹெர்ட்ஸில் 120 முறை. ஷட்டரை முறையே 1/100 அல்லது 1/50, 1/125 அல்லது 1/60-க்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகும். எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை அதிகம், மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். மேடை எல்.இ.டி.கள் சில வேறு வேகத்தில் துடிக்கும், அங்கே வேகத்தை மாற்றி மாற்றிச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் எங்கே விழுகிறது?

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான், இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. நிகழ்ச்சி தொடங்க அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு அரங்கத்தில் மெதுவாக நடந்து பாருங்கள். எந்த இடத்தில் கை பிரகாசமாகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் நிழல் அழகாக விழுகிறது, எங்கே தலைக்கு நேர் மேலே விளக்கு இருந்து கண் குழியைக் கறுப்பாக்குகிறது என்பதெல்லாம் கையிலேயே தெரியும். முகத்தில் என்ன விழுமோ அதுதான் கையிலும் விழுகிறது.

சின்ன விளக்கிலிருந்து இருக்கும் தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். நான்கு மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப். 5.6-இலிருந்து 2.8-க்குப் போனால் கிடைப்பதும் இதே இரண்டு ஸ்டாப்தான்! விளக்கிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவர் இரண்டு மீட்டருக்கு வரும் கணத்துக்குக் காத்திருந்தால், அல்லது வரவேற்பில் ஒரு குடும்பத்தைப் படம் எடுக்கும்போது “இப்படி இந்த விளக்குப் பக்கம் வாங்களேன்” என்று அன்பாகச் சொன்னால், புது லென்ஸ் தரும் அதே ஒளி உங்கள் பழைய லென்ஸுக்கு வந்துவிடும். மேடையில் இருப்பவரை நகர்த்த முடியாது, சரி, ஆனால் நீங்கள் நகரலாம். அவர் எந்தப் பக்கம் திரும்பும்போது முகம் ஒளியைப் பிடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் போய் உட்காருங்கள். அதற்கும் வழியில்லையா, பின்னாலிருந்து வரும் ஒளியை வைத்து முடி ஓரத்தில் கோடு போட்ட மாதிரி ஒரு நிழலுருவம் எடுங்கள், அதற்கு ஐஎஸ்ஓ 800-ஏ தாராளம்.

பிளாஷ் அனுமதிக்கும் இடம் என்றால், மேற்கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால், தலையைத் திருப்பக்கூடிய ஒரு பிளாஷை மேலே நோக்கி அடிப்பது எந்த எஃப் 1.8 லென்ஸைவிடவும் அதிகம் உதவும். அனுமதி கேட்காமல் மட்டும் அடிக்காதீர்கள்.

ஃபோகஸ்

கேமராவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முறையை விட்டு வெளியே வாருங்கள். இருட்டில் அது பிரகாசமான எதையாவது, பெரும்பாலும் பின்னால் இருக்கும் விளக்கையோ பதாகை எழுத்தையோ பிடித்துக்கொள்ளும். ஒரே புள்ளியை வைத்து நீங்களே கண் மீது வையுங்கள். மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவில் கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் மிகவும் இருட்டில் அது தடுமாறும்போது ஒற்றைப் புள்ளிக்கு உடனே மாற ஒரு பட்டனை ஒதுக்கி வையுங்கள். பல தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் (அந்தக் கண்ணாடி உள்ள கேமராக்கள்) நடுப் புள்ளிதான் மற்றவற்றைவிடக் கூர்மையானது, இருட்டில் அதையே நம்புங்கள்.

ஃபோகஸ் புள்ளிக்குத் தேவை ஒளி மட்டும் இல்லை, வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓர் ஓரம். வழுவழுப்பான கன்னத்தில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடும். புருவம், கண்ணாடி விளிம்பு, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் விழும் நிழல், சட்டைக் காலர் ஆகியவற்றில் அதே தூரத்தில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். நகர்பவருக்குத் தொடர் ஃபோகஸ், நிற்பவருக்கு ஒற்றை ஃபோகஸ். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனில் வைத்துப் பழகினால், இரண்டுக்கும் மாறி மாறி மெனுவுக்குள் போக வேண்டியதில்லை. முதல் வாரம் விரல் தடுமாறும், விட்டுவிடாதீர்கள். ஃபோகஸுக்காகக் கேமராவின் முன்பக்கம் எரியும் சின்ன விளக்கை அணைத்துவிடுங்கள், தூரத்துக்கு அது உதவாது, மேடையில் இருப்பவர் கண்ணில் அடிக்கும்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். டிஎஸ்எல்ஆர் ஃபோகஸ் செய்யும்போது லென்ஸை முழுக்கத் திறந்தே வைத்திருக்கும், அதனால் எஃப் 2.8 லென்ஸ் இருட்டில் ஃபோகஸைச் சீக்கிரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் புள்ளியை எங்கே வைப்பது என்பதை அது உங்களுக்காக முடிவு செய்யாது.

எப்போது வாங்கலாம்?

இதையெல்லாம் செய்து ஐந்தாறு நிகழ்ச்சி போன பிறகு மறுபடியும் அந்த நூறு படப் பரிசோதனையைச் செய்யுங்கள். இப்போது கை ஆடிய படமும் ஃபோகஸ் தவறிய படமும் குறைந்திருக்க வேண்டும். மிஞ்சியிருப்பவை, அபர்ச்சர் முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ நீங்கள் அளந்துவைத்த எல்லையில் நின்று, நல்ல இடத்தில் நின்று எடுத்தும் ஷட்டர் 1/60-ஐத் தாண்ட முடியாமல் ஆள் அசைந்த படங்களாக இருந்தால், அதுதான் லென்ஸ் தடுக்கும் இடம். அங்கே செலவு செய்யத் தயங்காதீர்கள்.

எதை வாங்குவது என்பதற்கும் பதில் உங்கள் படங்களிலேயே இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃப் தகவலிலும் எத்தனை மி.மீ.யில் எடுத்தீர்கள் என்று பதிந்திருக்கும், நிர்வகிக்கும் மென்பொருளில் அதை வைத்து வரிசைப்படுத்தலாம். பிடித்த படங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை 45-55-க்குள் இருந்தால் ஒரு 50 மி.மீ. பிரைம் (ஸூம் இல்லாத லென்ஸ்) போதும். 18-30-க்குள் கூட்டமாக இருந்தால் அந்தப் புகழ்பெற்ற 50 உங்களுக்கு இடைஞ்சல்தான், 24 அல்லது 28 போன்ற ஒன்றையோ 17-50 எஃப் 2.8 வகை ஸூமையோ பாருங்கள். எல்லாமே 55-இல் முட்டி நின்று, அதற்குப் பிறகு கணினியில் வேறு வெட்டியிருக்கிறீர்கள் என்றால் 85 மி.மீ. பிரைம் அல்லது 70-200 எஃப் 2.8 பக்கம் போக வேண்டியிருக்கும், 70-200 கனமான லென்ஸ், மூன்று மணி நேரம் தூக்கிப் பிடிக்க முடிகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு வழி, ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது. அன்று பாதி நேரம் பழைய லென்ஸ், பாதி நேரம் புது லென்ஸ் என்று எடுங்கள். புது லென்ஸை எடுத்த எடுப்பில் முழுக்கத் திறக்காமல் ஒருவர் மட்டும் இருந்தால் 2, இருவர் என்றால் 2.8, மூன்று பேருக்கு மேல் என்றால் 4 என்று தொடங்குங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பாதியையும் அதே மூன்று ஃபோல்டர்களில் பிரித்து எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் அசைந்த படங்களின் ஃபோல்டரில் தெரிந்தால் வாங்கலாம். ஃபோகஸ் ஃபோல்டர் பெரிதாகியிருந்தால் இன்னும் ஒரு மாதம் பழைய லென்ஸோடு இருங்கள்.